கூட்டல் பிசகா, வேகக் குறைவா, பூட்டுச் சிக்கலா: டேட்டாபேஸ் கோளாறில் சக புரோகிராமருக்கு எப்படி உதவுவது?

காரைக்குடி வட்டாரத்தில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்களில் தனி ஆட்கள் நிறைய. பலகாரக் கடைக்கு பில்லிங், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு ஆர்டர் கணக்கு, புதுவயல் அரிசி ஆலைக்கு இருப்புக் கணக்கு, கோயில் நிர்வாகத்துக்கு வரிப் பட்டியல் என்று ஆளுக்கு நாலைந்து வாடிக்கை வைத்திருப்பார்கள். பெங்களூரு கம்பெனி மாதிரி டேட்டாபேஸுக்கென்று தனி ஆள் பக்கத்து நாற்காலியில் இருக்க மாட்டார். மாட்டிக்கொண்டால் போன் போடுவது இன்னொரு தனி ஆளுக்குத்தான். "அண்ணே, க்வெரி ஒண்ணு சொதப்புது, கொஞ்சம் பாருங்க" என்று ஒரு வரி, கூடவே மானிட்டரைச் சாய்வாகப் பிடித்த போட்டோ ஒன்று.

இப்படிக் கேட்டு வந்தவருக்கு உதவ நாலு வழி உண்டு. கேட்டமட்டில் ஊகித்துச் சரியான க்வெரியை, அதாவது டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் கட்டளையை, எழுதி அனுப்பிவிடலாம். தூரத்திலிருந்தே அடுத்தவர் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போட்டு உள்ளே நுழைந்து நாமே பார்க்கலாம். கோளாறு தெரிகிற அளவுக்குச் சின்னதாக மாதிரி டேட்டா வாங்கி நம் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். அல்லது வண்டியை எடுத்துக்கொண்டு தேவகோட்டையோ பள்ளத்தூரோ போய்ப் பக்கத்தில் உட்காரலாம்.

ஆளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிலர் எதற்கெடுத்தாலும் எனிடெஸ்க் நம்பர் கேட்பார்கள். சிலர் மாதிரி டேட்டா வராமல் வாயே திறக்க மாட்டார்கள். என் கட்சி வேறு: வழியை முடிவு செய்ய வேண்டியது நம் பழக்கம் அல்ல, கோளாறின் வகை. விடை தப்பாக வந்தால் ஒரு வழி. விடை சரி, ஆனால் தாமதம் என்றால் வேறு வழி. எல்லாமே உறைந்துபோய் நின்றால் இன்னொரு வழி. ஆகவே முதலில் கேட்க வேண்டியது க்வெரியை அல்ல, இந்த மூன்றில் எது என்பதைத்தான்.

விடை தப்பு என்றால்

ஒரு பலகாரக் கடையின் கல்யாண ஆர்டரை எடுத்துக்கொள்வோம். தேன்குழல் 800 ரூபாய், மாவுருண்டை 600, சீப்புச் சீடை 600, மொத்தம் 2000. முன்பணமாக 500 வந்தது, பிறகு 1000 வந்தது, வரவு 1500. பாக்கி 500 என்று காட்ட வேண்டிய இடத்தில் மைனஸ் 500 என்று நிற்கிறது. அதாவது வாங்க வேண்டிய காசைக் கடைக்காரர் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

காரணம் பழைய காரணம்தான். ஆர்டர் டேபிளோடு சரக்கு வரிகளையும் வரவுகளையும் ஒரே மூச்சில் ஜாயின் செய்திருப்பார்கள், அதாவது ஒரே க்வெரியில் இணைத்திருப்பார்கள். சரக்கு 3 வரி, வரவு 2 வரி. ஒவ்வொன்றும் மற்றதோடு சேர்ந்து 6 வரியாகப் பெருகிவிடும். ஒவ்வொரு சரக்கும் இரண்டு தடவை கூட்டப்பட்டு 4000 ஆகும். ஒவ்வொரு வரவும் மூன்று தடவை கூட்டப்பட்டு 4500 ஆகும். கழித்தால் மைனஸ் 500.

இங்கே கேட்டமட்டில் பதில் சொல்கிறவர் என்ன சொல்வார்? "வரி ரிப்பீட் ஆகுது, டிஸ்டிங்க்ட் போடு தம்பி." ஒரே எண் திரும்ப வந்தால் ஒரு தடவை மட்டும் எடுத்துக்கொள் என்று பொருள். போட்டால் சரக்கில் இருக்கும் இரண்டு 600-ல் ஒன்று காணாமல் போய் மொத்தம் 1400 ஆகும். வரவு 1500 என்று சரியாக வந்துவிடும். பாக்கி மைனஸ் 100. எண் சின்னதானதும் கிட்ட வந்துவிட்ட மாதிரி இருக்கும், வரவேயில்லை. இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. எந்த ஆர்டரில் எல்லா விலையும், எல்லா வரவும் வேறு வேறாக இருக்கிறதோ, அங்கே டிஸ்டிங்க்ட் சரியான விடையே தரும். நாலு பில் போட்டுப் பார்த்துவிட்டு "சரியாயிடுச்சுண்ணே" என்று போய்விடுவார். தீபாவளி ஆர்டர் குவிகிற வாரத்தில் அது மறுபடி தலை காட்டும், அப்போது யாருக்கும் பார்க்க நேரமிருக்காது.

மாதிரி டேட்டா கேட்கிற வழி இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. ஓர் ஆர்டர், மூன்று சரக்கு, இரண்டு வரவு. டேபிள் உருவாக்கும் கட்டளையும் வரிகளைச் சேர்க்கும் கட்டளையும் சேர்த்து இருபது வரியில் முடிந்துவிடும். கூடவே "எனக்கு 500 வரணும், மைனஸ் 500 வருது" என்ற ஒரு வாக்கியம். அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். என்ன வர வேண்டும் என்று சொல்லாவிட்டால், நாம் எதைச் சரி என்று நினைக்கிறோமோ அதை எழுதிக் கொடுத்துவிடுவோம். கடைக்காரரின் கணக்கு வேறாக இருக்கும். சாட்ஜிபிடியிடம் கேட்டாலும் இதே கதைதான்.

வாங்கியதை டிபி ஃபிடில் மாதிரியான தளத்தில் போட்டால் எதையும் நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். மருந்தும் பெரிய விஷயமில்லை: சரக்கை ஆர்டர் வாரியாகத் தனியே கூட்டு, வரவைத் தனியே கூட்டு, கூட்டி முடித்த பிறகு ஜாயின் செய். வரவே வராத ஆர்டரும் இருக்கும் என்பதால், ஜோடி இல்லாத ஆர்டரையும் விட்டுவிடாத லெஃப்ட் ஜாயின். அங்கே வரவு நல் (NULL, மதிப்பே இல்லாத வெற்றுக் கட்டம்) ஆக இருக்கும், 2000-லிருந்து நல்லைக் கழித்தால் பாக்கி 2000 ஆகாது, நல் ஆகும். கோஅலெஸ் போட்டுப் பூஜ்யமாக்க வேண்டும்.

இந்த வழியின் இன்னொரு லாபம், பல நேரம் பதில் சொல்ல வேண்டிய அவசியமே வராது. ஒரு சரக்கு, ஒரு வரவு என்று மாதிரி போட்டால் விடை சரியாக வரும். இரண்டாவது வரவைச் சேர்த்ததும் கெட்டுப்போகும். அதைப் பார்த்த மாத்திரத்தில் கேட்டவருக்கே விளங்கிவிடும். பேரேட்டில் கணக்கு இடித்தால் விவரமான கணக்குப்பிள்ளை முழு ஏட்டையும் தூக்கிக்கொண்டு அலையமாட்டார். எந்தத் தேதிவரை நேராக இருந்தது, எந்தத் தேதியில் இடிக்கிறது என்று குறுக்கிக்கொண்டே வருவார். அதே வேலைதான்.

ஆனால் மாதிரி டேட்டாவுக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது, அதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. கையால் இட்டுக்கட்டிய டேட்டா ரொம்பச் சுத்தமாக இருக்கும்.

நகரத்தார் கோயில் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். திருமணமான ஆண் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. 'வரி கட்டாத புள்ளிகள்' என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். வரவு டேபிளில் உள்ள புள்ளி எண்களில் இல்லாதவர் யார் என்று நாட் இன் போட்டு எழுதியிருப்பார்கள். பட்டியல் காலியாக வரும். எல்லாரும் கட்டிவிட்டார்கள் என்று யாராவது சந்தோஷப்பட்டாலும் படலாம். உண்மையில் வரவு டேபிளில் எங்கோ ஒரு பதிவில் புள்ளி எண் நல் ஆக இருக்கும். வழிப்போக்கர் யாரோ நன்கொடை கொடுத்ததை அதே டேபிளில் ஏற்றியிருப்பார்கள். நாட் இன் என்றால் 'இதில் எதற்கும் சமமில்லை' என்று நிரூபணம் ஆக வேண்டும். நல்லுக்குச் சமமா இல்லையா என்று டேட்டாபேஸால் சொல்ல முடியாது. ஆகவே ஒருவர்கூடத் தேற மாட்டார். 'இவர் பேரில் வரவு ஏதும் இல்லையா' என்று மட்டும் கேட்கும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டால் சரியாகிவிடும். பத்துப் புள்ளி, அஞ்சு வரவு என்று உதவி கேட்ட தம்பி உட்கார்ந்து மாதிரி தயார் செய்தால் அதில் நல் வராது, கோளாறும் வராது. "உங்ககிட்ட வேலை செய்யுது, என்கிட்ட செய்யலை" என்று ஒரு நாள் முழுக்க ஓடும்.

பெயரிலும் இதே கதை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் இது. ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர், பங்காளி வீட்டில் இன்னும் இரண்டு பேர். விலாசம் என்று சொல்லும் குடும்ப முன்னெழுத்துகள் இல்லாமல் வெறும் பெயரை வைத்து ஜாயின் செய்தால் தாத்தா கட்டிய பணம் பேரன் பேரிலும் ஏறும். மாதிரியில் எல்லாருக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிட்டால் இது தெரியவே தெரியாது.

மூன்றாவது, தமிழ் எழுத்துச் சிக்கல். ஊர் வாரியாகக் கூட்டிய பட்டியலில் கோட்டையூர் இரண்டு தடவை வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. 'கோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு சொன்னாலும், போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் வழக்கமான கொலேஷனில் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) பைட் ஒன்றாக இருந்தால்தான் சமம் என்று எடுத்துக்கொள்ளும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய டேட்டாவும் போனில் தட்டிய டேட்டாவும் கலந்த இடத்தில் இது சகஜம். போஸ்ட்கிரஸ் 13-லிருந்து நார்மலைஸ் என்ற ஃபங்ஷனே இருக்கிறது, அதைக் கொண்டு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் இந்தக் கோளாறை உதவுகிறவர் போட்டோவைப் பார்த்துத் தன் கணினியில் திரும்பத் தட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? அவர் கீபோர்டு ஒரே மாதிரிதான் தட்டும். கோளாறு மாயமாகிவிடும்.

கேள்விக்குறி விவகாரமும் இந்த வகைதான். எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் பெயர்க் கட்டத்தை வார்ச்சார் (வழக்கமாகத் தமிழ் ஏற்காத எழுத்து வகை) என்று வைத்துவிட்டு 'காரைக்குடி' என்று ஏற்றினால் பத்துக் கேள்விக்குறி உட்காரும். நமக்கு அஞ்சு எழுத்து, யூனிகோடுக்குப் பத்துக் குறி. யூனிகோடு ஏற்கும் என்வார்ச்சார் ஆக மாற்றினாலும், மேற்கோளுக்கு முன்னால் N என்ற ஆங்கில எழுத்தைப் போடாவிட்டால் அதே கேள்விக்குறிதான். 2019 பதிப்பில் யுடிஎஃப்-8 கொலேஷன் வந்தபின் வேறு வழியும் உண்டு. எப்படியானாலும் உள்ளே போன கேள்விக்குறி போனதுதான், அது நிஜமான கேள்விக்குறி, திரும்ப எழுத்தாகாது. காட்சியில் மட்டும் கோளாறா, சேமிப்பிலேயே போய்விட்டதா என்று பைட்டைப் பார்த்தால் தெரியும். எல்லா பைட்டும் 63 என்று இருந்தால் பழைய பேக்கப்பைத் தேட வேண்டியதுதான். போட்டோவில் இந்த இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

ஆகவே மாதிரி என்றால் இட்டுக்கட்டியது அல்ல, நிஜ டேபிளிலிருந்து வெட்டியெடுத்தது. தட்டியது அல்ல, டேட்டாபேஸே எக்ஸ்போர்ட் செய்து கொடுத்தது. பெயரையும் போன் நம்பரையும் கட்டாயம் மாற்ற வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தாகிவிட்டது. அது இல்லாவிட்டாலும் அடுத்தவர் வீட்டு வரவு செலவை வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது இந்த ஊரில் தொழிலையே முடித்துவிடும். மாற்றும்போது ஒரே பெயர் இருந்த இடங்களில் ஒரே மாற்றுப் பெயர் வர வேண்டும், நல் நல்லாகவே நிற்க வேண்டும். எழுத்துக் கோளாறு என்றால் மட்டும் அந்த ஊர்ப்பெயர்க் கட்டத்தில் கை வைக்கக்கூடாது.

தாமதம் என்றால்

இங்கே மாதிரி டேட்டா அறவே பயன்படாது. இதைத் தெரியாமல் மாதிரி கேட்டு அலைக்கழிக்கிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. பத்து வரி உள்ள டேபிளில் எந்த க்வெரியும் கண்ணிமைப்பதற்குள் முடியும். இண்டெக்ஸ் (வரிகளை வேகமாகத் தேட உதவும் பட்டியல்) இருந்தாலும் டேட்டாபேஸ் பெரும்பாலும் அதைத் தொடாது. பத்து வரியை முழுக்கப் படிப்பதே அதற்கு மலிவு.

தேவை, நிஜ டேட்டா இருக்கிற இடத்தில் எடுத்த எக்ஸ்பிளெய்ன் (க்வெரியை எந்த வழியில் ஓட்டுகிறது என்று டேட்டாபேஸே காட்டும் பிளான்), டேபிள்களின் வரி எண்ணிக்கை, இருக்கிற இண்டெக்ஸ்களின் பட்டியல். இவை மூன்றிலும் வாடிக்கையாளர் டேட்டா பெரிதாக எதுவும் வெளியே போவதில்லை என்பது கூடுதல் வசதி. ஒரு எச்சரிக்கை: போஸ்ட்கிரஸிலும், மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் புதிய பதிப்புகளிலும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் என்றால் க்வெரியை உண்மையிலேயே ஓட்டிவிடும். போஸ்ட்கிரஸில் டெலீட்டுக்கு முன்னால் அதைப் போட்டால் வரிகள் அழிந்தே போகும். "பிளான் எடுத்து அனுப்பு தம்பி" என்று சொல்கிறவர் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிரான்ஸாக்‌ஷன் தொடங்கி, ஓட்டிவிட்டு, ரோல்பேக்: அதாவது கட்டளைகளை ஒரே மூட்டையாகக் கட்டி ஓட்டி, கடைசியில் எதுவும் நடக்காத மாதிரி திருப்பிவிடுவது.

கடைகளில் அடிக்கடி பார்ப்பது போன் நம்பர் தேடல். வாடிக்கையாளர் டேபிளில் நம்பரை எழுத்து வகையாக வைத்திருப்பார்கள், இண்டெக்ஸும் போட்டிருப்பார்கள். க்வெரியில் மேற்கோள் இல்லாமல் வெறும் எண்ணாகக் கொடுத்திருப்பார்கள். மைஎஸ்க்யூஎல்லில் அப்படிச் செய்தால் அந்த இண்டெக்ஸைப் பயன்படுத்த முடியாது, ஒவ்வொரு வரியையும் எண்ணாக மாற்றி ஒப்பிடும். விடை சரியாக வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. கடை திறந்த புதிதில் வேகமாக இருந்தது, இப்போது இழுக்கிறது என்று மட்டும் சொல்வார்கள். இரண்டு மேற்கோள் குறியில் தீர்கிற விஷயம். தேதிக் கட்டத்தின் மேல் இயர் ஃபங்ஷனைப் போட்டு 2024-க்குச் சமம் என்று கேட்பதும், எழுத்துத் துண்டைத் தேடும் லைக்கில் முன்னால் சதவீதக் குறி போடுவதும் இதே குடும்பம். பிளானைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரியும். க்வெரியை மட்டும் பார்த்தால் அனுபவசாலி ஊகிப்பார், அவ்வளவுதான்.

நின்றுபோனால்

"அண்ணே, 1205 எரர் வருது." இந்த ஒரு வரிக்குக் கேட்டமட்டில் பதில் சொன்னால் பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் 1205 என்றால் பூட்டுக்காக (ஒருவர் மாற்றும் வரியை மற்றவர் மாற்றாமல் டேட்டாபேஸ் போடும் தடை) காத்திருந்து நேரம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதன் வழக்கமான சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் மாற்றாமல் விட்டால் அந்த நேரம் 50 வினாடி. எஸ்க்யூஎல் சர்வரில் அதே 1205 என்றால் டெட்லாக், அதாவது இரண்டு வேலைகள் ஒன்றன் பூட்டுக்காக மற்றது காத்து முடங்கின, உன் வேலையைப் பலி கொடுத்தேன் என்று பொருள். பின்விளைவும் வேறு. எஸ்க்யூஎல் சர்வர் முழு டிரான்ஸாக்‌ஷனையும் திருப்பிவிடும். மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் போதும். மைஎஸ்க்யூஎல் இயல்பாகக் கடைசிக் கட்டளையை மட்டும்தான் திருப்பும். முன்னால் செய்தவை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் "திரும்ப ஓட்டு" என்று சொன்னால் சரக்கு இரண்டு தடவை இருப்பிலிருந்து கழிந்துவிடலாம். மைஎஸ்க்யூஎல்லில் டெட்லாக்குக்கு எண் 1213. எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு, எரரின் முழு வாசகம்: இதைக் கேட்காமல் யாரும் பதில் சொல்லக்கூடாது.

எரரே வராமல் சுற்றிக்கொண்டே இருப்பது இன்னொரு ரகம். எஸ்க்யூஎல் சர்வரும் போஸ்ட்கிரஸும் இயல்பாகப் பூட்டுக்கு எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். யாரோ ஒருவர் டிரான்ஸாக்‌ஷன் தொடங்கிவிட்டு கமிட் செய்யாமல், அதாவது மாற்றத்தை உறுதி செய்து முடிக்காமல், போயிருப்பார். இதற்கு மாதிரியும் உதவாது, ஓட்டிய பிளானும் வராது. சர்வரைத் திரும்பப் போட்டால் பூட்டு விடுபடும், தடயமும் சேர்ந்து போகும். நிற்கிற நேரத்திலேயே உள்ளே போய் யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். போஸ்ட்கிரஸில் 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' என்று ஒரு இணைப்பு உட்கார்ந்திருக்கும், எப்போதிலிருந்து என்பதும் தெரியும். எனிடெஸ்க் ஞாயமாக வேண்டிய இடம் இதுதான்.

உள்ளே போனாலும் கீபோர்டு கேட்டவர் கையில்தான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். நாம் சொல்ல, அவர் தட்டட்டும். மெதுவாகத்தான் போகும். ஆனால் எந்தக் கடைக்கு எந்த டேபிள் உயிர்நாடி என்று அவருக்குத்தான் தெரியும். நாளைக்கு ஏதாவது ஆனால் கடைக்காரர் கேட்கப்போவதும் அவரைத்தான். மாற்றம் எதுவானாலும் முதலில் பேக்கப், எந்த வரிகள் என்று குறிக்கும் அதே WHERE நிபந்தனையோடு செலக்ட் போட்டு எத்தனை வரி என்று பார்த்தல், டிரான்ஸாக்‌ஷனுக்குள் அப்டேட், அதே எண்ணிக்கை வந்தால் கமிட். எண் மாறினால் ரோல்பேக். போனில் "அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டு நடுவில் எழுந்து போகக்கூடாது. நாம் திறந்து வைத்த டிரான்ஸாக்‌ஷனே அடுத்த பூட்டாக நிற்கும்.

நேரில் போவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்ரோல் செலவு, அரை நாள் போகும். ஆனால் தினம் மத்தியானம் மட்டும் பூட்டிக்கொள்கிறது, எனிடெஸ்க்கில் பார்க்கிறபோது ஒன்றும் தெரியவில்லை என்கிற ரகத்துக்கு வேறு வழி இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால், ஒரு மணிக்குச் சாப்பிடப் போகிறவர் பில் திருத்துகிற ஜன்னலைத் திறந்தபடி விட்டுப் போவதைப் பார்க்கலாம். ஜன்னல் திறந்ததுமே வரியைப் பூட்டுகிற மாதிரி புரோகிராம் எழுதியிருந்தால், அவர் சாப்பிட்டு வரும்வரை மற்ற கவுண்டர்கள் அந்த வரிக்காக நிற்கும். மாற்ற வேண்டியது க்வெரியை அல்ல. சேமி பொத்தானை அழுத்தும்போது மட்டும் டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து மூடுகிற மாதிரி அந்த ஜன்னலைத் திருத்தி எழுத வேண்டும். அது தம்பியின் வேலை.